கேட்டால் அழியும் மெழுகு

போன மாதம் உங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். காபி கொடுத்து, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரவைத்து, பெரிய மனிதனைப் போல நடத்தினீர்கள். சந்தோஷம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை ஒருவர் ஒரு வயலின் துண்டைப் பதினோரு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோராவது தடவைக்கு அப்புறமும், எதற்கும் இன்னொரு வாட்டி கேட்டுவிடலாம் என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கிழவன் கோபித்துக்கொண்டான் என்று நினைத்திருப்பீர்கள். கோபமெல்லாம் இல்லையப்பா, பொறாமை. இந்த வயதில் வரக்கூடாத பொறாமை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது ஒலியை மெழுகில்தான் பிடித்தோம். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு விரல் கனத்தில் ஒரு மெழுகு வட்டு. அது சுற்றச் சுற்ற ஊசி கீறிக்கொண்டே போகும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் கொஞ்சமும். கீறிய மெழுகைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக் கல்கத்தாவுக்கு அனுப்புவோம். அங்கே அதிலிருந்து அச்செடுத்து இசைத்தட்டு அடிப்பார்கள். எதைப் பிடித்தோம் என்பது இரண்டு மாதம் கழித்து மாதிரித் தட்டு வந்தால்தான் எங்கள் காதுக்கே தெரியும். நடுவில் கேட்கவே முடியாதா என்றால், முடியும். மெழுகின் மேல் ஊசியை வைத்தால் கேட்கும், வெகு நன்றாகவே கேட்கும். ஆனால் அந்த ஒரே ஓட்டத்தில் கோடுகள் சிதைந்துவிடும். அப்புறம் அந்த மெழுகு அச்சுக்கு ஆகாது, சீவித்தான் எறிய வேண்டும். கேட்டால் வைத்துக்கொள்ள முடியாது. வைத்துக்கொண்டால் கேட்க முடியாது.

இந்தக் கணக்கோடுதான் நாங்கள் வேலை பார்த்தோம். அதில் நான் செய்த ஒரு பிசகைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் செய்த நல்ல காரியங்களை வேறு யாராவது சொல்லட்டும்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் லாசர் என்று ஒருவர். துறைமுகத்தில் கிரேன்களைப் பழுது பார்க்கிற பிட்டர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாண்டில் டிரம்பெட் வாசிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் ரயில்வேக்காரர்களின் இன்ஸ்டிடியூட்டில் நடன பாண்டில் வாசிப்பார். அந்த பாண்டை நடத்தியது டெரிக் என்கிற ஆங்கிலோ இந்தியர். கூட்ஸ் வண்டியில் கார்டு. பியானோவில் உட்கார்ந்தால் மட்டும் மனிதர் ராஜா. லாசரைவிடப் பத்து வயது மூத்தவர்.

லாசருக்கு ஜாஸ் வந்தது கப்பலில். யுத்த காலத்தில் துறைமுகத்துக்கு வந்த அமெரிக்கர்கள் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தார்கள். ஒரு கப்பலின் சமையல்காரர் ஊருக்குத் திரும்புகிற போக்கில் ஒரு ஆல்பத்தை லாசர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆல்பம் என்றால் அப்போது நிஜமாகவே புத்தகம்தான். தடித்த அட்டை, உள்ளே ஏடு ஏடாகக் காகித உறைகள், உறைக்கு ஒரு தட்டு. ஆறு உறைகளில் ஐந்து தட்டுகள்தான் இருந்தன. ஆறாவது எந்தக் கடலில் உடைந்ததோ. தட்டுகளின் நடுவில் ஒட்டிய காகிதமெல்லாம் உப்புக் காற்றில் உரிந்துபோய், வாசித்தவர்கள் யாரென்றே தெரியாது. லாசர் அதற்காகக் கவலைப்பட்டதில்லை.

"பேரு தெரியாது அண்ணாச்சி. ஆனா இவன் எங்க மூச்சு வாங்குவான்னு எனக்குத் தெரியும்" என்பார்.

என்னை அவர் அண்ணாச்சி என்றதற்குக் காரணம் உண்டு. நாங்கள் தெற்கத்திக்காரர்கள். என் சித்தப்பாவுக்கு ராயபுரத்தில் மிளகாய் மண்டி இருந்தது. கடை வைத்த குடும்பத்தில் ஒருத்தன் மட்டும் கம்பெனி வேலைக்குப் போய்ப் பாட்டுப் பிடிக்கிறான் என்பது அந்தத் தெரு முழுக்கக் கேலி. லாசர் கேலி செய்யவில்லை. இரண்டு வருஷம் விடாமல் என்னைத் துரத்தினார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தட்டு. அதை அந்த ஆறாவது உறையில் செருக வேண்டும். அந்த ஐந்து பேரோடு தானும் இருக்க வேண்டும். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

ஜாஸ் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு எனக்குத்தான் யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும். மெட்டு ஒன்றுதான், ஆனால் அதற்குள் போகிற வழி ஒவ்வொரு தடவையும் வேறு. நேற்று வாசித்தது இன்றைக்கு வராது, இன்றைக்கு வந்தது நாளைக்கு வராது. நானோ நாடகப் பாட்டுக்காரர்களையும் பஜனைக்காரர்களையும் பிடித்துப் பழகியவன். அவர்கள் வீட்டில் முப்பது தடவை ஒத்திகை பார்த்துவிட்டு வருவார்கள். முதல் மெழுகில் பாடியதை இரண்டாவது மெழுகிலும் அச்சுப் பிசகாமல் பாடுவார்கள். ஒன்று போனால் இன்னொன்று என்பது என் புத்தியில் ஊறிப்போன விஷயம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் புரியும்.

ஒருவழியாக எங்கள் தலைமை ஒலிப்பதிவாளர் மனம் இரங்கினார். கிளப்புகளில் நடனத்துக்கு விற்கும் என்று ஒரு தட்டு, இரண்டு பக்கம். ஆனால் அவர் முந்தின வாரம் பிடித்த மெழுகுகளை எடுத்துக்கொண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. மிச்சமிருந்த ஐந்து மெழுகுகளை என்னிடம் விட்டுவிட்டு, நீயே பார்த்துக்கொள் என்று போய்விட்டார். எனக்கு முப்பது வயது. முதன்முதலாக என் பொறுப்பில் ஒரு பதிவு. தலை கால் புரியவில்லை.

கம்பெனியின் ஹால் காலியாக இல்லை. சித்தப்பாவின் மண்டி மாடியைக் கேட்டேன். "ஏலே, மொளவா மண்டில ஊதுகொழல் கச்சேரியா? ஊதுதவன் தும்மிச் சாவப் போறான்" என்று சித்தப்பா சிரித்தார். இருந்தாலும் மூட்டைகளைக் கீழே இறக்கி, மாடியை இரண்டு தடவை கழுவிவிடச் சொன்னார். டெரிக்கின் பியானோவைக் கயிறு கட்டி மேலே ஏற்றினோம். ஜன்னல்களுக்குச் சாக்கு. ஞாயிற்றுக்கிழமை பகல் பூசை முடிந்தபின், பக்கத்து ரயில் யார்டில் ஷண்டிங் எஞ்சின்கள் ஓய்வாக இருக்கிற நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். எந்த வண்டி எப்போது கத்தும் என்பதைக் கார்டு டெரிக் துல்லியமாகச் சொல்லிவிட்டார்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் பல்.

லாசருக்கு ஈறில் வெகு நாளாகச் சீழ். பதிவுக்கு ஒரு வாரம் முன்னால் முகம் வீங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மேல் வரிசையில் முன்பல் நான்கையும் எடுத்தே ஆகவேண்டும் என்றுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டிரம்பெட்காரனுக்கு முன்பல் என்றால் என்ன என்று உங்களில் ஊதுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். உதட்டுக்குப் பின்னால் பல் முட்டுக் கொடுத்தால்தான் ஊதுவாயை அழுத்திப் பிடிக்க முடியும். பல் போனால் காற்றுதான் வரும். கட்டுப்பல்லை வைத்து ஊதலாம் என்று அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஆக, ஞாயிற்றுக்கிழமை பிடித்தால் உண்டு. பிடிக்காவிட்டால் லாசர் வாசித்தார் என்பதற்குச் சாட்சியாக உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அன்றைக்கு லாசர் கோட்டுப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையில் கிராம்பு மடித்துக்கொண்டு வந்தார். பல் வலிக்கிறதா என்று கேட்டேன். "வலி கெடக்குது பேஜாரு, நீ வேலயப் பாரு" என்றார்.

ஐந்து மெழுகில் ஒன்று, ஊசி இறங்குகிற பதத்துக்கு மெழுகை இளக்கிவைக்கிற சூட்டுப் பெட்டியிலேயே விரிசல் விட்டுவிட்டது. மிச்சம் நான்கு. முதல் பக்கத்துக்கு வேகமான ஒரு நடன மெட்டு. இரண்டு மெழுகில் இரண்டு தடவை பிடித்தோம். இரண்டும் சுமாருக்கு மேல். சரி, இனி இரண்டாவது பக்கம். அது லாசர் தானே கட்டிய மெட்டு, நிதானமானது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. மிச்சம் இரண்டு மெழுகு.

மூன்றாவது மெழுகு சுற்ற ஆரம்பித்து, வாசிக்கலாம் என்பதற்கு அடையாளமாக நான் விளக்கைப் போட்டதும், டெரிக் பியானோவில் நாலு கட்டை தொட்டார். லாசர் கிராம்பைத் துப்பிவிட்டு ஊதினார்.

அதை எப்படிச் சொல்வது? முதலில் மெட்டை அப்படியே, அடக்கமாக, யாரிடமோ விசாரிப்பது மாதிரி வாசித்தார். அப்புறம் அதை விட்டு விலகிப் போனார். எங்கே போகிறார் என்று டெரிக்குக்கே தெரியவில்லை. கட்டையைப் பார்க்காமல் லாசரையே பார்த்துக்கொண்டு வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் மேலே ஏறி, அங்கே ஒரு சுரத்தில் நின்றார். அது நிற்கக்கூடிய இடமே இல்லை, ஆனால் நின்றார். நான் மூச்சு விட்டால் ஊசி எகிறிவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். இறங்கி வந்து மெட்டின் கடைசித் துணுக்கை வைத்தபோது மெழுகில் அரை விரல்கடை இடம் பாக்கி இருந்தது. விளக்கை அணைத்தேன். 

இந்தத் தொழிலில் அப்படியொன்று ஆயுளில் இரண்டு தடவை வரும், மூன்று தடவை வரும். வந்தால் தெரியும். மயிர்க்கால் குத்திட்டு நிற்கும்.

விதிப்படி நான் செய்திருக்க வேண்டியது: மூன்றாவது மெழுகை எடுத்து, துணி போர்த்திப் பெட்டியில் வைத்து, ஆணியடிப்பது. நான்காவது மெழுகில் ஒப்புக்கு இன்னொன்று பிடிப்பது. பிடிக்காவிட்டாலும் குடி முழுகாது. குழந்தைக்கும் தெரிந்த காரியம்.

லாசர் என் பக்கத்தில் வந்து நின்றார். உதட்டின் மேல் சிவப்பாக வட்டம் பதிந்திருந்தது.

"அண்ணாச்சி, இத்த ஒரு தபா போடு" என்றார்.

நான் மெழுகு அழிந்துவிடும் என்றேன். அவருக்குத் தெரியாததா? இரண்டு வருஷமாக என்னைத் துளைத்துத் துளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்.

"ஊர்ல எல்லாரும் நான் வாசிச்சுக் கேட்டுக்கீறான். நான் கேட்டதில்ல. ஊத சொல்லோ மண்டைக்குள்ள ஒரு சத்தம் வருது, அது வேற. தட்டு வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆவும். அப்போ எனக்குப் பல்லு இருக்காது, நான் வேற ஆளு. இந்த வாயோட இருக்க சொல்லோ ஒரு தபா கேக்கணும் அண்ணாச்சி."

டெரிக் பியானோவிலிருந்து எழுந்து வந்தார். வேண்டாம் மேன், பெட்டியில் போடச் சொல், அப்புறம் வருத்தப்படுவாய் என்று லாசரின் தோளைப் பிடித்து உலுக்கினார். லாசர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். இன்னொரு தடவை வாசிக்க முடியுமா என்று. "வாசிச்சிடலாம், நீ போடு" என்றார். இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக என்னை நானே பல வருஷம் மெச்சிக்கொண்டிருக்கிறேன். கேட்டேனே, அவர்தானே சரி என்றார் என்று. அட, பசித்தவனிடம் போய், சாப்பிட்டால் ஜீரணமாகுமா என்று கேட்டால் என்ன சொல்வான்? அந்த உதட்டைப் பார்க்க எனக்குக் கண் இருந்தது. நான் மெழுகை எண்ணினேன், ஒன்று பாக்கி இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். உதட்டில் எத்தனை பாக்கி இருக்கிறது என்று பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், முழு உண்மை என்றால் அதுவும் வேண்டும். அவருக்காகப் போட்டேன் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். எனக்கும் அதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அடக்க முடியவில்லை.

போட்டேன்.

மண்டி மாடியில் அந்த மூன்று நிமிஷம் திரும்ப வந்தது. இசைத்தட்டில் வருகிற கரகரப்பு மெழுகில் கிடையாது. ஆள் எதிரில் நிற்பது மாதிரி இருக்கும். லாசர் தலையைச் சாய்த்து, வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு கேட்டார். அந்த உயரமான இடம் வந்தபோது கண்ணை மூடினார். ஊசிக்கு முன்னால் மெழுகுத் துகள் திரள்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

முடிந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டு, "பரவால்லியே. நல்லாத்தான் வாசிக்கிறான்" என்றார். யாரோ மூன்றாம் மனிதனைச் சொல்வது மாதிரி.

அப்புறம் நான்காவது மெழுகு.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். முதல் தடவை எங்கே போகிறோம் என்று தெரியாமல் போன மனிதர், இந்தத் தடவை தான் கேட்ட இடத்துக்கே போகப் பார்த்தார். தன் காலடியிலேயே கால் வைத்து நடக்கப் பார்த்தால் தடுக்கத்தானே செய்யும்? தயங்கினார். ஒரு திருப்பத்தை விட்டுவிட்டார். மேலே ஏறுகிற இடம் வந்ததும் ஏறினார். அங்கே நிற்க உதடு தாங்கவில்லை. சுரம் கிழிந்தது. திரும்பவும் முயன்றார், திரும்பவும் கிழிந்தது. டெரிக் பியானோவைப் பலமாகத் தட்டி மூடிமறைத்தார். லாசர் கீழேயே சுற்றிச் சுற்றி வந்து, ஒருமாதிரி கடைசித் துணுக்கை வைத்தார். விளக்கை அணைத்தபோது ஊதுவாயில் ரத்தம்.

மெழுகு இல்லை. மறுநாள் கிடைக்குமா என்று அலைந்தேன், சென்னையில் எவரிடமும் இல்லை. செவ்வாய்க்கிழமை பல்லை எடுத்துவிட்டார்கள்.

அந்த நான்காவது மெழுகுதான் கல்கத்தா போனது. இரண்டு மாதம் கழித்துத் தட்டு வந்தது. முதல் பக்கம் நன்றாக இருந்தது. இரண்டாவது பக்கத்தில் ஒரு மனிதர் ஏற முடியாத படியில் ஏறி விழுகிற சத்தம் இருந்தது. தலைமை ஒலிப்பதிவாளர் கேட்டுவிட்டு, "இவருக்காகவா இத்தனை நாள் என் உயிரை எடுத்தாய்?" என்றார்.  நடந்ததைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். மூன்றாவது மெழுகும் விரிசல் விட்டதாகக் கணக்கில் எழுதிவைத்திருந்தேன்.

லாசருக்கு உரிய தட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். சித்தப்பாவின் மண்டி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அப்போது எனக்கு யானைக்கவுனியில் குடித்தனம். மண்டிக்குப் போவதென்றால் லாசர் வீட்டு வழிதான் சுருக்கு. நான் சுற்றிக்கொண்டு போவேன். டெரிக் குடும்பத்தோடு சீமைக்குக் கப்பலேறிய அன்றைக்குத் துறைமுகத்துக்குக்கூடப் போகவில்லை. லாசர் அங்கே இருப்பார் என்றுதான். எட்டு வருஷம் இப்படி ஒளிந்து திரிந்தேன். அந்த எட்டு வருஷத்தில் நான் எங்கே எதைப் பதிவு செய்தாலும், காதில் அந்த மூன்றாவது மெழுகு ஓடிக்கொண்டிருக்கும். முழுசாக வராது. ஒரு துண்டு வரும், பிடிக்கப் போனால் போய்விடும். அதை இன்னொரு தடவை கேட்க எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். இப்போதும் கொடுப்பேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்தான் மாட்டிக்கொண்டேன். நெடுநீளக் கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. சைக்கிளிலிருந்து இறங்கி நின்றேன். பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பார்த்தால் லாசர். தலை பாதி நரைத்து, வாய் நிறையக் கட்டுப்பல். முன்னால் கேட், பின்னால் மாட்டு வண்டிகள். ஓட இடமில்லை.

"இன்னா அண்ணாச்சி, ஆளையே காணோம்? ஊர விட்டே பூட்டியோன்னு நெனச்சேன்" என்றார்.

நான் என்னென்னவோ உளறினேன். வேலை, வெளியூர், உடம்பு. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கேட் தூக்கியதும் என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தே தீரவேண்டும் என்றார். எட்டு வருஷத்து வசவையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு கூடவே நடந்தேன். வாங்கினால் நல்லது என்றுகூட இருந்தது.

வழியில் நானே ஆரம்பித்தேன். தட்டை அந்த ஆறாவது உறையில் வைத்திருக்கிறீரா என்று கேட்டேன். இல்லை என்றார். அவர்கள் பக்கத்தில் அதை வைக்க மனசு வரவில்லையாம். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டது.

"அந்த மூணாவது மெழுகப் பத்தி வூட்ல சொல்லிப் பார்த்தேன் அண்ணாச்சி. ஒருத்தரும் நம்ப மாட்றாங்கோ. தட்டப் போட்டுக் காட்டி, இதானே நீ வாசிச்சதுன்றாங்கோ. டெரிக் பூட்டாரு. நீயும் வரல. நான் மட்டும் சொல்லிக்கினு கீறேன்."

எட்டு வருஷமாக நான் அழிந்துபோன மெழுகுக்காக அழுதுகொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு மெழுகு வேண்டியிருக்கவில்லை. நான் ஒரு நடை போய், ஆமாம், நானும் கேட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். பிசகு செய்தால் அதோடு நின்று தொலையாது, பிள்ளைகளே. வெட்கப்பட்டு ஒளிந்தோம் என்றால் அது இரண்டாவது பிசகு, முதலாவதைவிடப் பெரியது. நாம் பிடித்து வைக்கத் தவறினாலும், கேட்டவர்கள் நாம்தான். அதையாவது போய்ச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வருஷம் பிடித்தது.

வீட்டில் அவர் மனைவி பிலோமினா தையல் மிஷினில் இருந்தார். நான் யாரென்று சொன்னதும் மிஷினை நிறுத்தினார். லாசர் என்னை உட்காரக்கூட விடவில்லை. சொல்லு அண்ணாச்சி, நீயே சொல்லு என்று தோளைப் பிடித்து அழுத்தினார்.

சொன்னேன். ஐந்து மெழுகு, விரிசல், மூன்றாவது மெழுகு, அது எப்படி இருந்தது, அதை நான் எப்படி அழித்தேன், எல்லாம் சொன்னேன். தட்டில் இருப்பது லாசர் இல்லை, லாசரை நான் கெடுத்தபின் மிஞ்சியது என்றேன்.  பிலோமினா என்னைப் பார்க்கவில்லை. தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெய்யாலுமா?" என்றார்.

"மெய்தாம்மா. நான் இருந்தேன். என் காதால கேட்டேன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன்னைத் தேற்றிக்கொள்ள இவர் கதை கட்டுகிறார் என்றே நினைத்திருக்கிறார். ஒரு தடவை சண்டையில், வாயால் வாசிக்க முடியாததை வார்த்தையால் வாசிக்காதே என்றுகூடச் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லி அழுதார். அப்புறம் அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம். லாசர் முழு மூச்சோடு ஜாஸ் வாசித்து பிலோமினா ஒரு நாளும் கேட்டதில்லை. அக்கம் பக்கத்துக்குத் தொந்தரவு என்று வீட்டில் டிரம்பெட்டுக்குள் துணி செருகித்தான் ஊதுவார். கோயிலில் வாசிப்பது மாதா பாட்டு. இன்ஸ்டிடியூட் நடனத்துக்கு இவர்கள் வீட்டுப் பெண்கள் போக முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் காதுக்குக் கிடைத்தது சுரம் கிழிந்த அந்தத் தட்டு ஒன்றுதான்.

பிலோமினா எழுந்துபோய் அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்தார். கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, இரண்டாவது பக்கத்தில் ஊசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எந்தெந்த எடத்துல எப்டி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

தட்டு கரகரவென்று ஓடியது. டெரிக்கின் நாலு கட்டை. லாசரின் தயக்கம். இங்கே அவர் தயங்கவே இல்லையம்மா, நேராகப் போனார் என்றேன். விட்டுப்போன திருப்பம் வந்தது. இங்கே இடது பக்கம் ஒரு சந்துக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தார், டெரிக் பயந்தே போனார் என்றேன். லாசர் தலையை ஆட்டினார். மேலே ஏறுகிற இடம் வந்தது. தட்டில் சுரம் கிழிந்தது. இங்கே நின்றார் என்றேன். எவ்வளவு நேரம் என்று பிலோமினா கேட்டார். பதிலுக்கு லாசர்தான் கையைத் தூக்கினார். பியானோ ஓடிக்கொண்டிருக்க, கை அப்படியே காற்றில் நின்றது. பிலோமினா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கை மெதுவாக இறங்கியது.

தட்டு முடிந்து ஊசி வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. நான் எடுக்கப் போனேன்.

"இன்னொரு தபா போடுங்க" என்றார் பிலோமினா.